வானூர்தி ஓட்டும் மறைத்தூதர்களும் அதைப் பழுதுபார்ப்போரும்

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு

மறைபரப்பு ஞாயிறு வந்ததும் உண்டியலைக் கையில் எடுத்து வகுப்பு வகுப்பாகச் செல்கிறோம். அந்தக் காசு எங்கே போகிறது, எதற்குச் செலவாகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? நாங்கள் கேட்டுப் பார்த்தோம். உணவு, மருந்து, பள்ளிக்கூடம், கோவில் ஆகியவற்றோடு இன்னொன்றும் உலகத்தின் சில பகுதிகளில் மறைபரப்புப் பணியின் செலவுக் கணக்கில் இருக்கிறது. அது விமானத்திற்கான எரிபொருள். இதைப் படித்ததும் வியப்பு ஏற்பட்டது. அந்த விமானங்களை ஓட்டுவோர் யார், அவற்றைப் பழுதுபார்ப்போர் யார், அதற்கு என்ன படிக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினோம். கிடைத்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மறைத்தூதர்கள் நடந்தே பழகியவர்கள். பழைய மறைத்தளமான ஆவூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தரும், அவருக்குப் பின் வந்த வீரமாமுனிவரும் வாழ்ந்த காலத்தில் மதுரை மிஷனின் குருக்கள் வெயிலிலும் மழையிலும் ஊர் ஊராகச் சென்றார்கள். இன்று நமக்கு அந்தத் துன்பம் இல்லை. எந்தக் குக்கிராமத்திலிருந்தும் ஒரு பஸ்ஸைப் பிடித்துப் புதுக்கோட்டைக்கோ அறந்தாங்கிக்கோ வந்துவிடலாம். அவசரம் என்றால் 108 ஆம்புலன்ஸ் வருகிறது. ஆகவே மறைத்தூதருக்கு விமானம் எதற்கு என்ற கேள்வி நமக்கு எழுவது இயற்கையே.

பாப்புவா நியூகினி என்ற நாட்டை உலகப் படத்தில் பாருங்கள். அதன் தலைநகரான போர்ட் மோர்ஸ்பியிலிருந்து இரண்டாவது பெரிய நகரமான லேய் நகருக்குப் போகச் சாலையே கிடையாது. நடுவில் மலைகளும் காடுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்திருக்கின்றன. ஒரு கிராமத்திலிருந்து அடுத்த மருத்துவமனைக்கு நடந்தால் சில இடங்களில் பல நாட்கள் ஆகும். விமானத்தில் அதே தூரம் அரை மணிக்கும் குறைவாக இருக்கலாம். பிரசவ வலியில் துடிக்கும் ஒரு தாய்க்கு இந்த வேறுபாடு உயிர் வேறுபாடு. அந்நாட்டில் வேவாக் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த மேதகு லியோ ஆர்க்ஃபெல்ட், இறைவார்த்தைச் சபையைச் சேர்ந்தவர். தாமே விமானம் ஓட்டித் தம் மக்களைச் சந்தித்தார். 'பறக்கும் ஆயர்' என்றே அவரை அழைத்தார்கள். அவர் 1999இல் காலமானார்.

இந்தப் பணியின் தொடக்கத்தைத் தேடினால் ஒரு நண்பரின் மரணத்தில் போய் நிற்கிறோம். அருட்தந்தை பவுல் ஷூல்ட்டே ஜெர்மானியர். யாழ்ப்பாணத்து மக்கள் நன்கு அறிந்த அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்தவர். முதல் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். அவருடைய நண்பரான மறைத்தூதர் அருட்தந்தை ஓட்டோ ஃபூர்மன், இன்றைய நமீபியாவின் வடபகுதியில் பணியாற்றியபோது 1925இல் காய்ச்சலால் இறந்தார். விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வாகனம் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்ற எண்ணம் ஷூல்ட்டேயை வாட்டியது. 1927இல் அவர் மறைத்தூதர்களுக்கு வாகனங்கள் வாங்கித் தரும் 'மீவா' என்ற அமைப்பைக் கொலோன் நகரில் தொடங்கினார். கார், மோட்டார் சைக்கிள், படகு, விமானம் எதுவானாலும் சரி, தேவைப்படும் இடத்திற்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். 1938இல் கனடாவின் வடதுருவப் பகுதியில் ஆர்க்டிக் பே என்ற இடத்தில் ஒரு குரு நோயுற்றுக் கிடந்தார். ஷூல்ட்டே பனியையும் மூடுபனியையும் கடந்து பறந்து சென்று அவரை மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இன்றும் பலர் இந்த நிகழ்ச்சியைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள்.

நம் பள்ளியில் படிப்போருக்கு இன்னும் நெருக்கமாகத் தோன்றக்கூடிய ஒருவர் பெட்டி கிரீன். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1920இல் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பெண் விமானிகளுக்கென்று அந்நாட்டில் ஏற்படுத்தப்பட்ட படைப்பிரிவில் பணியாற்றினார். போர் முடிந்த 1945இல், படையில் விமானிகளாக இருந்த சில இளைஞர்களோடு சேர்ந்து, பின்னாளில் 'மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப்' என்று பெயர் பெற்ற அமைப்பை உருவாக்கினார். இது சீர்திருத்தச் சபையினர் தொடங்கியது. ஆனால் காட்டில் காய்ச்சலோடு கிடப்பவர் விமானம் எந்தச் சபையுடையது என்று கேட்பதில்லை! 1946 பிப்ரவரி 23 அன்று அந்த அமைப்பின் முதல் விமானம் கிளம்பியது. வேக்கோ என்ற வகையைச் சேர்ந்த, இரட்டை இறக்கை கொண்ட சிறு விமானம் அது. மெக்சிகோவுக்குப் புறப்பட்ட அதை ஓட்டியவர் பெட்டி கிரீன். ஆண்கள் பலர் நிறுவிய அமைப்பின் முதல் விமானி ஒரு பெண் என்பதை நாங்கள் இரண்டு முறை படித்து உறுதி செய்துகொண்டோம். பின்னர் அவர் பெருவிலும் நைஜீரியாவிலும் சூடானிலும் பறந்தார். சூடானில் பெண்கள் விமானம் ஓட்டத் தடை இருந்தது. அது விலக்கப்பட்ட பின்பே அவரால் அங்கே பணியாற்ற முடிந்தது.

இனி நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவதற்கு வருகிறோம். பெட்டி கிரீன் ஓட்டிய அந்த வேக்கோ விமானம் அடுத்த விமானியின் கைக்கு மாறும் வேளையில், மெக்சிகோவில் தரையிறங்கும்போது மோதிச் சேதமடைந்தது. அதைச் சரிசெய்ய அனுப்பப்பட்டவர் நேட் செயின்ட் என்ற இளைஞர். படையில் விமான மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றவர். உடைந்த விமானத்தை வேற்று நாட்டில், போதிய வசதி இல்லாத இடத்தில் அவர் மீண்டும் பறக்கச் செய்தார். அவர் வரவில்லை என்றால் அந்த அமைப்பின் ஒரே விமானம் அங்கேயே பழைய இரும்பாகியிருக்கும். விமானியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். ஆனால் மறைபரப்பு விமானப் பணி நின்றதும் நிலைத்ததும் பழுதுபார்ப்பவரின் கையால்தான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

நேட் செயின்ட் 1948இல் ஈக்வடாருக்குச் சென்று அங்கே விமானியாகவும் மெக்கானிக்காகவும் இருந்தார். அந்த ஆண்டின் இறுதியில் கீட்டோ நகரில் மேலிருந்து இறங்கிய காற்றில் சிக்கி அவருடைய விமானம் விழுந்து, முதுகெலும்பு முறிந்தது. குணமானதும் மறுபடியும் பறந்தார். ஒற்றை எஞ்சின் விமானத்தில் எரிபொருள் வரும் வழி தடைபட்டால் என்ன செய்வது என்று யோசித்து, மாற்று வழியில் எரிபொருள் செல்லும் ஒரு கருவியைத் தாமே செய்தார். இறங்க இடமில்லாத காட்டில் பொருள்களைக் கொடுக்க இன்னொரு வழியும் கண்டார். விமானம் வட்டமிட்டுப் பறக்கும்போது நீண்ட கயிற்றில் ஒரு வாளியைத் தொங்கவிட்டால், அது வட்டத்தின் நடுவில் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். கீழே இருப்பவர் கைநீட்டி எடுத்துக்கொள்ளலாம். அவர் மனைவி மார்ஜரி வீட்டிலிருந்தபடியே ரேடியோவில் அவர் எங்கே பறக்கிறார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டே இருப்பார். 1956 ஜனவரி 8 அன்று அவரும் தோழர்கள் நால்வரும் குராராய் ஆற்றங்கரையில் கொல்லப்பட்டார்கள். அப்போது அவருக்கு வயது 32.

சரி, இப்படிப்பட்ட விமானி ஆவதற்கு என்ன வேண்டும்? நம் நாட்டில் விமானிகளுக்கு உரிமம் வழங்குவது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். 16 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பில் தேறியவர் மாணவ விமானி உரிமம் பெறலாம். அதாவது இந்த ஆண்டு பொதுத்தேர்வு எழுதும் நாங்கள், முடிவு வந்ததும் சட்டப்படி அந்தப் படியில் கால் வைக்கலாம்! 17 வயதில் தனியார் விமானி உரிமம், 18 வயதில் வணிக விமானி உரிமம். மறைபரப்பு விமானம் ஓட்ட இந்த வணிக உரிமம்தான் அடிப்படை. அதற்கு மேல்நிலை வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது பல ஆண்டுகளாக இருந்துவரும் விதி. இதைத் தளர்த்தலாமா என்ற யோசனை 2025இல் எழுந்தது. எப்படியானாலும், பத்தாவது முடித்துப் பிரிவு தேர்ந்தெடுக்கும் தோழியர் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. குறைந்தது 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் பாதி, அதாவது 100 மணி, தாமே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும். இரவில் ஏறி இறங்கவும், வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டவும் பழகியிருக்க வேண்டும். வான்வழி அறிதல், வானிலை, விமானச் சட்டம், விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்களில் எழுத்துத் தேர்வு உண்டு.

உடற்பரிசோதனையும் கடுமையானது. கண்ணாடி அணிந்தவர் விமானியாக முடியாது என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. கண்ணாடியால் பார்வை சரியான அளவுக்குத் திருத்தப்பட்டால் போதும். நிறங்களைப் பிரித்தறிய முடியாமைதான் பெரிய தடை.

இவ்வளவும் முடித்தவர் பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் சேரத் தகுதியுடையவர். மறைபரப்பு விமானிக்கோ இங்கிருந்துதான் படிப்பே தொடங்குகிறது. திருச்சி விமான நிலையத்தில் விமானம் இறங்கும் ஓடுபாதை நீளமானது, சமமானது, தார் போட்டது. மலைக்கிராமத்தின் ஓடுபாதையோ புல்தரை. நம் விளையாட்டுத் திடலைப் போல நான்கைந்து மடங்கு நீளம் இருந்தாலே பெரிது. பல இடங்களில் அது சரிவாக இருக்கும். மேட்டை நோக்கி இறங்க வேண்டும், பள்ளத்தை நோக்கி ஏற வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் வேறு வழியில்லை. எதிரே மலை நின்றால், ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டிய பிறகு 'இறங்க வேண்டாம், திரும்பிவிடலாம்' என்று மனம் மாற முடியாது. அந்த இடம் எது என்பதை விமானி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும்போதும் அப்படியே. பாதையில் ஒரு அடையாளம் வைத்திருப்பார்கள். அதை அடையும்போது உரிய வேகம் வரவில்லை என்றால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

வெயிலும் உயரமும் சேர்ந்தால் காற்று இலேசாகிவிடும் என்று அறிவியல் பாடத்தில் படிக்கிறோம். இலேசான காற்று இறக்கையைத் தாங்குவதும் குறைவு, எஞ்சினுக்குக் கிடைக்கும் உயிர்வளியும் குறைவு. காலை 7 மணிக்கு ஐந்து பேரோடு கிளம்பக்கூடிய அதே விமானம், நம் ஊர்ச் சித்திரை வெயில் போன்ற நண்பகலில் மூன்று பேரோடுதான் கிளம்ப முடியும் என்ற நிலை வரலாம். ஆகவே பயணிகளையும் மூட்டைகளையும் தராசில் நிறுத்த பிறகே ஏற்றுகிறார்கள். காய்கறி மூட்டை, கோழிக்கூடை, சவப்பெட்டி எதுவானாலும் நிறுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு கிலோ கூட இருந்தாலும் 'முடியாது' என்று சொல்லும் மனவுறுதி விமானிக்கு வேண்டும். கண்ணீரோடு கெஞ்சுகிறவரிடம் அப்படிச் சொல்வது எளிதன்று. துணிச்சல் உள்ளவரைத்தான் இந்தப் பணிக்குத் தேடுவார்கள் என்று முதலில் எண்ணினோம். படிக்கப் படிக்க, வழியில் மேகம் சூழ்ந்ததும் வெட்கப்படாமல் திரும்பி வருபவரைத்தான் அவர்கள் விரும்புகிறார்கள் என்று தெரிந்தது.

இந்தப் பயிற்சிக்கென்று தனி இடங்கள் உண்டு. மிஷன் ஏவியேஷன் ஃபெலோஷிப் ஆஸ்திரேலியாவின் மரீபா என்ற ஊரில் ஒரு பயிற்சி நிலையம் வைத்திருக்கிறது. அமெரிக்காவில் மூடி வேதாகமக் கல்லூரி 1946 முதல் விமானப் பயிற்சி அளித்து வந்திருக்கிறது. ஒரே மாணவர் விமானம் ஓட்டவும் அதைப் பழுதுபார்க்கவும் சேர்ந்தே கற்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாக இருந்தது. காட்டின் நடுவே எஞ்சின் நின்றால் மெக்கானிக்கை எங்கே போய் அழைப்பது? இன்று பல இடங்களில் இரண்டும் தனித்தனிப் பணிகளாகிவிட்டன. இவை தவிர அந்நாட்டு மொழியைப் பேசக் கற்க வேண்டும். பாப்புவா நியூகினியில் அது டோக் பிசின். தனிமையையும் சிறு வருமானத்தையும் தாங்க முடியுமா என்றும் கேட்டுச் சோதிக்கிறார்கள்.

பெற்றோர்கள் உடனே கேட்கக்கூடிய கேள்வி செலவு. ஒளிக்காமல் சொல்கிறோம். நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெற இப்போது 40, 50 இலட்ச ரூபாய் வரை ஆகிறது. நம் வீடுகளில் பெரும்பாலோருக்கு இது கனவில்கூட எட்டாத தொகை. கல்விக் கடனும் உதவித்தொகையும் ஓரளவே கை கொடுக்கும். இந்த இடத்தில்தான் பழுதுபார்ப்போரின் படிப்பை நாங்கள் உற்றுப் பார்த்தோம்.

இதற்கு விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் என்று பெயர். மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள், அரசு இயக்குநரகம் ஒப்புதல் அளித்த நிறுவனத்தில் ஈராண்டுகள் படித்து, பின்னர் பழுதுபார்க்கும் கூடத்தில் நேரடி அனுபவம் பெற வேண்டும். சென்னையிலும் கோவையிலும் இதற்கான நிறுவனங்கள் உள்ளன. செலவு விமானிப் பயிற்சியில் ஒரு சிறு பங்கே. எஞ்சினும் உடற்பகுதியும் ஒரு பிரிவு. மின்சாரம், ரேடியோ, கருவிகள் இன்னொரு பிரிவு. மனிதர் ஏன் தவறு செய்கிறார் என்பதைப் பற்றியே ஒரு தாள் இருக்கிறது. களைப்பு, அவசரம், மறதி, 'அவர் பார்த்திருப்பார்' என்ற நினைப்பு எல்லாம் அதில் பாடம். இன்னொரு செய்தியைக் கேளுங்கள். நமக்குத் தேர்ச்சி மதிப்பெண் 35. விமானிகளின் எழுத்துத் தேர்வில் 70. பராமரிப்புப் பொறியாளருக்கோ 75! யார் கை தவறக்கூடாது என்று அரசு நினைக்கிறது என்பது இதிலேயே விளங்குகிறது.

அவர்களுடைய அன்றாட வேலை எப்படிப்பட்டது? விமானம் இத்தனை மணி நேரம் பறந்ததும் இன்னின்னதைப் பார்க்க வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது. சிறு விமானங்களுக்கு 100 மணி நேரச் சோதனை முக்கியமானது. எண்ணெய் வடிகட்டியை அறுத்துத் திறந்து, உள்ளே உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்ப்பார்கள். மின்னினால் எஞ்சினுக்குள் ஏதோ தேய்கிறது என்று பொருள். பிஸ்டன் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் இருக்கும். ஒன்று கைவிட்டால் மற்றது காப்பாற்றும். ஒவ்வொரு நட்டையும் குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும். அதிகமானாலும் குற்றம், குறைந்தாலும் குற்றம். முறுக்கியது கழன்றுவிடாதபடி மெல்லிய கம்பியால் கட்டுவார்கள். மாலையில் கருவிகளை எண்ணி அவற்றின் இடத்தில் மாட்டுவார்கள். ஒரு ஸ்பானர் குறைந்தால் அது கிடைக்கும்வரை விமானம் வெளியே போகாது. விமானத்தைத் திருப்பும் கம்பிகளில் கை வைத்தால், செய்தவர் மட்டும் பார்த்தால் போதாது, இன்னொருவரும் சோதித்துக் கையெழுத்திட வேண்டும். கடைசியில் 'இது பறக்கத் தக்கது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுபவர் அந்தப் பொறியாளரே. அந்தக் கையெழுத்து இல்லாமல் எப்பேர்ப்பட்ட விமானியும் கிளம்ப முடியாது.

எரிபொருளிலும் ஒரு சுவையான செய்தி உண்டு. பழைய பிஸ்டன் எஞ்சின்களுக்குத் தனிவகைப் பெட்ரோல் வேண்டும். தொலைவான நாடுகளில் அது கிடைப்பது அரிது, விலையும் அதிகம். அதனால் செஸ்னா கேரவன் போன்ற டர்பைன் எஞ்சின் விமானங்களுக்கு மறைபரப்பு அமைப்புகள் மாறி வருகின்றன. அவை குடிப்பது நம் ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய உறவினர்!

தையல் வகுப்பை விரும்பாத தோழியர் அடுத்த சில வரிகளைக் கவனிக்கவும். பெட்டி கிரீன் ஓட்டிய வேக்கோ விமானத்தின் இறக்கை மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. அப்படிப்பட்ட இறக்கையில் துணியைச் சட்டத்தோடு சேர்த்து மெழுகு பூசிய நூலால், குறித்த இடைவெளியில் முடிச்சுப் போட்டுத் தைப்பார்கள். முதல் உலகப்போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலைகளில் இந்தத் தையலைச் செய்தவர்களில் பெண்களே மிகுதி. நம் தையல் ஆசிரியை தையல் நேராக இல்லை என்று பிரிக்கச் சொல்லும்போது இனி முணுமுணுக்க முடியாது.

பெண்கள் இவ்வேலைக்கு ஏற்றவர்களா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டோடு தொடர்புடைய ஒரு விடை உண்டு. உஷா சுந்தரம் 1949இல் பெங்களூர் ஜக்கூர் பயிற்சிப் பள்ளியில் தேறிய விமானி. 1950களின் தொடக்கத்தில் சென்னை அரசு வாங்கிய டவ் என்ற விமானத்தைத் தம் கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் ஓட்டி வந்தார். இன்று உலக நாடுகளில் விமானிகளில் பெண்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர் என்ற அளவில் இருக்க, நம் நாட்டில் 12 பேருக்கும் மேல் இருக்கிறார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பழுதுபார்க்கும் கூடங்களில் மட்டும் பெண்கள் இன்னும் குறைவு.

நாங்கள் இதைப் பற்றிப் பேசத் தொடங்கிய பின், எங்கள் வகுப்பில் இருவர் பதினொன்றாம் வகுப்பில் கணிதம், இயற்பியல் அடங்கிய பிரிவை எடுக்கப் போவதாகச் சொல்கிறார்கள். ஒருத்தியின் வீட்டில், 'நட்டும் போல்ட்டும் பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று பாட்டி கேட்டிருக்கிறார். அவள் அம்மா பதில் சொல்லவில்லையாம். பழுதான தையல் இயந்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய்க் குப்பியை எடுத்து வரச் சொன்னாராம்.

விமானிகளின் பாதுகாவலியாக லொரேட்டோ அன்னையைத் திருத்தந்தை 15ஆம் பெனடிக்ட் 1920இல் அறிவித்தார். குப்பர்த்தீனோ நகர்ப் புனித சூசையப்பரும் வானில் பறப்போரின் பாதுகாவலர்களில் ஒருவர். தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் அவரே பாதுகாவலர். மார்ச் மாதம் வரை எங்களுக்கு அவருடைய இரண்டாவது பொறுப்பே மிகவும் தேவைப்படுகிறது.